ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு பாட்டு

டெலிபோன் போர்டில் உட்கார்ந்து கால் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், உலகப் புகழ்பெற்ற ஒரு பாடகரின் முடிவை மாற்ற முடியுமா?

மாற்றினார். 1974-ல். பாடகர் பெயர் எல்டன் ஜான். அம்மாள் பெயர் ரோஸலி ட்ராம்ப்ளி. இடம், கனடாவில் விண்ட்சர் என்கிற ஊர். அதற்குள் அவர் போர்டிலிருந்து எழுந்து, அதே ரேடியோ ஸ்டேஷனில் எந்தப் பாட்டு ஒலிக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கிற நாற்காலிக்கு வந்திருந்தார். அது என்ன முடிவு, எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். முதலில் ஊரைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் பாதி, ஊர் அமைந்திருக்கும் லட்சணத்தில்தான் இருக்கிறது.

கனடா எங்கே இருக்கிறது? அமெரிக்காவுக்கு வடக்கே. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் டெட்ராயிட் நகரத்தில் நின்றுகொண்டு தெற்கே பார்த்தால் தெரிவது கனடா! எல்லைக்கோடு அங்கே அப்படி வளைந்து போகிறது. நடுவில் டெட்ராயிட் ஆறு. இந்தப் பக்கம் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வளர்ந்த அமெரிக்கப் பெருநகரம். அந்தப் பக்கம் விண்ட்சர், அளவான ஊர். இரண்டுக்கும் நடுவே 1929-ல் கட்டிய அம்பாஸிடர் பாலம்.

இந்த அளவான ஊரில்தான் சி.கே.எல்.டபிள்யூ. என்ற வானொலி நிலையம் இருந்தது. ஏ.எம். அலைவரிசையில் 800. சக்தி 50,000 வாட்ஸ். ஸ்டேஷன் கனடாவில், கேட்கிற ஜனம் முக்கால்வாசி அமெரிக்காவில். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம்.

பகலில் டெட்ராயிட், டொலிடோ, ஈரி ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கிளீவ்லாண்ட் வரைக்கும் கேட்கும். ராத்திரியானால் இன்னும் வேடிக்கை. பகலில் ஏ.எம். அலையை விழுங்கிவிடுகிற ஒரு காற்றடுக்கு, சூரியன் விழுந்ததும் காணாமல் போய்விடும். அலை இன்னும் மேலே ஏறி, அங்கே முட்டி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய் இறங்கும். எங்கோ ஒரு சிற்றூரில் தலையணைக்கு அடியில் டிரான்ஸிஸ்டரை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் பாட்டுக் கேட்கிற பையன் காதிலும் விண்ட்சர் குரல் விழும். நடுவில் கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் தேய்வு. பாட்டின் முக்கியமான இடத்தில் அலை போய்விட்டுத் திரும்பி வரும். அதுவும் அந்தக் காலத்துப் பாட்டின் ஒரு பகுதிதான்.

சரி, அந்தப் பையன் என்ன கேட்டான்?

*

இங்கே ஒரு சின்ன பிளாஷ்பேக். 1950-களின் தொடக்கத்தில், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் டாட் ஸ்டோர்ஸ் என்று ஒருவர் ரேடியோ ஸ்டேஷன் நடத்தினார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி. வாடிக்கையாளர்கள் சாயங்காலம் முழுக்க அதே சில பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எல்லோரும் போனபிறகு, நாள் முழுக்க அதையே கேட்டுக் காது புளித்திருக்க வேண்டிய பரிமாறும் பெண், தன் சொந்தக் காசை எடுத்துப் போடுகிறாள். எதற்கு? அதே பாட்டுக்கு!

கதை நிஜமோ, அழகுக்குச் சேர்த்ததோ, பாடம் நிஜம். ஜனங்களுக்குப் புதிதாக ஆயிரம் பாட்டு வேண்டாம். பிடித்த நாற்பது பாட்டு போதும். இதுதான் 'டாப் 40' ரேடியோவின் தொடக்கம். 1965-ல் லாஸ் ஏஞ்சலீஸில் பில் டிரேக் என்பவர் இதை இன்னும் இறுக்கினார். அறிவிப்பாளர் வளவளவென்று பேசக்கூடாது. விளம்பர இடைவெளி சுருங்க வேண்டும். பாட்டுப் பட்டியல் முப்பதுக்கு இறங்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கேட்பவன் கை குமிழுக்குப் போய்விடக்கூடாது. 1967 ஏப்ரலில் இந்தப் பாணி விண்ட்சருக்கும் வந்தது. ஸ்டேஷனுக்குப் புதுப் பெயர், 'பிக் 8'.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இதில் தெரிவது சுத்தமான வியாபாரம். ஸ்டேஷன் விற்கிற சரக்கு பாட்டு அல்ல. காது. எத்தனை காது என்று எண்ணிச் சொன்னால் சோப்புக் கம்பெனியும் கார் கம்பெனியும் அதற்கேற்பப் பணம் கொடுக்கும். எனவே பெரிய ஸ்டேஷனின் ஒரே லட்சியம், தலை எண்ணிக்கை. அம்மாவும் கேட்கவேண்டும், பிள்ளையும் கேட்கவேண்டும். தொழிற்சாலைக்குப் போகிறவனும் கேட்கவேண்டும், கல்லூரிக்குப் போகிறவளும் கேட்கவேண்டும்.

இந்தப் பேராசையில் ஒரு நல்லது நடந்தது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமானால், பட்டியலில் எல்லோருடைய பாட்டும் இருந்தாக வேண்டும் அல்லவா?

1972-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர்களைப் பாருங்கள். எட்டு நிமிஷத்துக்கும் மேல் நீளும் 'அமெரிக்கன் பை' பாடிய டான் மெக்லீன். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல், இரண்டு பக்கமாக வெட்டி வைத்த பாட்டு அது. அடுத்து ஆல் கிரீன், தெற்கத்திய சோல் இசை. கனடாக்காரர் நீல் யங், கிட்டாரும் மவுத் ஆர்கனும். பழைய நைட் கிளப் பாணியில் சாமி டேவிஸ் ஜூனியர். பில் விதர்ஸ், மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊரில் பிறந்து, விமானத்துக்குக் கழிப்பறை பொருத்தும் தொழிற்சாலை வேலை பார்த்தவர். ராக் அண்ட் ரோல் தாத்தா சக் பெர்ரி. பெண்ணுரிமை பாடிய ஹெலன் ரெட்டி.

கறுப்பு, வெள்ளை, கிராமம், நகரம், பாட்டன், பேரன் எல்லாம் ஒரே பந்தியில். ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் மூன்று நிமிஷம் பொறுத்துக்கொண்டால் போதும், அடுத்தது வந்துவிடும். அந்தப் பொறுத்துக்கொள்ளும் மூன்று நிமிஷத்தை நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

*

டெட்ராயிட்டின் சொந்தச் சரக்கும் அந்தப் பந்தியில் முக்கியமான பதார்த்தம். ஃபோர்டு கம்பெனியின் கார் கோக்கும் வரிசையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி, 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்ததுதான் மோடவுன். இசை வெளியீட்டு நிறுவனம். மோட்டார் டவுன் என்பதன் சுருக்கம். கார் செய்கிற ஊர் இல்லையா? பாட்டுப் பதிவு முடிந்ததும், கார் ரேடியோவில் இருப்பது மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்களாம். அந்த டப்பா ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டால்தான் பாட்டு தேறும். ஏனென்றால் ஊர் ஜனம் அதில்தானே கேட்கப் போகிறது?

ஆனால் அந்தக் கார் எந்தத் தெருவுக்குள் போகலாம், எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்பது வேறு விஷயம்.

டெட்ராயிட்டின் வடக்கு எல்லையில் ஒரு சாலை. பெயர் 'எயிட் மைல்'. அதற்குத் தெற்கே நகரம். வடக்கே புறநகர்கள். 1970 கணக்கெடுப்பில் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 15 லட்சம். நூற்றுக்கு 44 பேர் கறுப்பின மக்கள். சாலையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். தானாக அமைந்ததல்ல. 1941-ல் அந்தச் சாலையை ஒட்டி ஒரு மதில் சுவரே எழுப்பினார்கள். ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதிக்குப் பக்கத்தில் வெள்ளையர்களுக்காக வீடு கட்ட ஒரு பில்டர் நினைத்தார். அரசாங்கத்தின் வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைக்க வேண்டுமானால் நடுவில் தடுப்பு வேண்டும் என்று நிலைமை. சுவர் வந்தது. கடனும் வந்தது. சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

1967 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. லைசென்ஸ் இல்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் ரெய்டு. கூட்டம் கூடுகிறது. கல் பறக்கிறது. ஐந்து நாள் நகரம் எரிந்தது. 43 பேர் இறந்தார்கள். 33 பேர் கறுப்பினத்தவர்கள். ராணுவ டாங்குகள் தெருவுக்கு வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் விண்ட்சர்க்காரர்கள் கரையில் நின்று புகையைப் பார்த்தார்கள். அதன்பிறகு, ஏற்கெனவே நகரத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த வெள்ளையர்கள் மூட்டை முடிச்சுகளை இன்னும் வேகமாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

பிக் 8 ஒலிக்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அது பாட வேண்டியிருந்தது, இந்த ஊருக்கு.

*

இப்போது ரோஸலி.

1939-ல் பிறந்தவர். ஒன்டாரியோவில் லீமிங்டன் அவர் ஊர். 1963-ல் சி.கே.எல்.டபிள்யூ.வில் டெலிபோன் போர்டு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இசைத்தட்டு லைப்ரரி. 1968 வாக்கில் மியூசிக் டைரக்டர். நம் ஊர் இசையமைப்பாளர் அர்த்தத்தில் அல்ல. எந்தப் பாட்டு பட்டியலில் ஏறும் என்று முடிவு செய்கிறவர். கணவரைப் பிரிந்து, மூன்று குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அமெரிக்க, கனடா ரேடியோவில் இந்த நாற்காலியில் பெண்கள் அபூர்வம். இத்தனை பெரிய ஸ்டேஷனில் ரொம்ப அபூர்வம்.

அது ஆபத்தான நாற்காலியும்கூட. 1950-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள், அறிவிப்பாளர்களுக்குக் கவர் கொடுத்துப் பாட்டுப் போட வைத்தன. 'பயோலா' என்று அதற்குப் பெயரே உண்டு. 1959, 60-ல் அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை வைத்தது. ராக் அண்ட் ரோலைப் பரப்பிய பெரிய அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், கடைசியில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் என்னவோ 300 டாலர்தான். ஆனால் வாழ்க்கை போய்விட்டது. 1965-ல் இறந்தார். அதன்பிறகுதான் பல ஸ்டேஷன்களில் பாட்டு தேர்வு செய்யும் வேலையை மைக்கில் பேசுகிறவரிடமிருந்து பிடுங்கி, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தார்கள்.

ரோஸலியின் முறை எளிமையானது. டெட்ராயிட்டில் ரெக்கார்டு கடைகளுக்குப் போன் போடுவார். எது விற்கிறது என்று கேட்பார். நேயர்கள் போன் செய்து எதைக் கேட்கிறார்கள் என்று கணக்கு வைப்பார். மற்ற ஸ்டேஷன்களில், குறிப்பாகக் கறுப்பின மக்கள் கேட்கிற ஸ்டேஷன்களில், எது ஒலிக்கிறது என்று காது வைப்பார். பிறகு தன் காதையும் கேட்பார். கம்பெனி ஏஜெண்டுகள் வரவேற்பறையில் இசைத்தட்டும் கையுமாகக் காத்துக்கிடப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். ஆள் யார் என்பது கணக்கில்லை.

வின்னிபெக் ஊர்க்காரப் பையன்களான 'தி கெஸ் ஹூ' குழுவின் 'தீஸ் ஐஸ்' பாட்டை 1969-ல் அவர் பட்டியலில் ஏற்றினார். அது அமெரிக்காவுக்குள் போய் முதல் பத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ரோஸலியின் பட்டியலை மற்ற ஸ்டேஷன்களும் பார்க்க ஆரம்பித்தன. டெட்ராயிட் பாடகர் பாப் சீகர், 1973-ல் 'ரோஸலி' என்றே ஒரு பாட்டுப் பாடினார். அம்மாளுக்கு ஐஸ் வைத்தாரா, கிண்டல் செய்தாரா என்று இன்னும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தன் ஸ்டேஷனில் அதைப் போடவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள்.

இதற்கு நடுவில் அரசாங்கம் ஒரு வெடியைத் தூக்கிப் போட்டது. 1971 ஜனவரி முதல், கனடாவின் ஏ.எம். ஸ்டேஷன்கள் ஒலிபரப்பும் பாட்டில் நூற்றுக்கு 30 கனடாப் பாட்டாக இருக்க வேண்டும். இசை, பாடியவர், பதிவு, பாடல் வரி என்று நான்கு தகுதிகள். அதில் குறைந்தது இரண்டு கனடாவுடையதாக இருந்தால் பாஸ். அமெரிக்க இசை வெள்ளத்தில் தங்கள் பாடகர்கள் மூழ்கிப்போகாமல் இருக்க கனடா கட்டிய கரை அது. மற்ற ஸ்டேஷன்களுக்குச் சரி. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்களாக இருக்கும் ஸ்டேஷன் என்ன செய்யும்? டெட்ராயிட்டின் மற்ற ஸ்டேஷன்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாதே!

ரோஸலி சலித்துச் சலித்துத் தேடினார். வான்கூவரிலிருந்து 'ஸ்கைலார்க்' என்றொரு குழு. அவர்கள் ஆல்பத்தில் 'வைல்ட்ஃப்ளவர்' என்று மெதுவாகப் போகும் ஒரு பாட்டு. வரிகளை எழுதியவர் ஒரு போலீஸ்காரர். நர்ஸ் வேலை பார்த்த தன் காதலி, களைத்துப் போய் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து எழுதியது. கோட்டாவை நிரப்பத்தான் பிக் 8 அதை எடுத்தது. ஆனால் டெட்ராயிட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. அதிலும் கறுப்பின நேயர்களிடமிருந்து! 1973-ல் அந்தப் பாட்டு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்தது. பின்னாளில் கறுப்பினப் பாடகர்கள் பலர் அதைத் தங்கள் பாட்டாகவே பாடி வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கனடாப் போலீஸ்காரர் ஒருவர் தன் காதலிக்கு எழுதிய வரி. அரசாங்கக் கட்டாயத்துக்காக ரேடியோவில் ஏறியது. எந்தப் போலீஸ் ரெய்டில் ஊர் எரிந்ததோ, அந்த ஊரின் கறுப்பின மக்கள் அதைத் தங்கள் வீட்டுப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எந்தத் திட்டக் கமிஷனும் உட்கார்ந்து இதை யோசித்திருக்க முடியாது.

*

இப்போது எல்டன் ஜானுக்கு வருவோம்.

1973 அக்டோபரில் அவருடைய 'குட்பை யெல்லோ பிரிக் ரோட்' என்ற இரட்டை ஆல்பம் வெளியானது. அதில் 'பென்னி அண்ட் தி ஜெட்ஸ்' என்று ஒரு பாட்டு. நொண்டி நொண்டி நடக்கிற மாதிரி ஒரு பியானோ. மேடையில் பாடுவது போலத் தோன்ற, பதிவுக்குப் பிறகு வேறொரு கச்சேரியின் கைத்தட்டலைச் சேர்த்திருந்தார்கள். சும்மா ஒரு குறும்பு. இதைத் தனி இசைத்தட்டாக வெளியிட எல்டனுக்கு விருப்பமில்லை. அவர் மனசில் இருந்தது 'கேண்டில் இன் தி விண்ட்'.

ஆனால் டெட்ராயிட்டில் கறுப்பின மக்களுக்கான ஸ்டேஷனில் 'பென்னி' ஒலிக்க ஆரம்பித்திருந்தது. ரோஸலியின் காதுக்கு அது எட்டியது. ஆல்பத்திலிருந்து எடுத்து பிக் 8-ல் போட்டார். போன் விடாமல் அடித்தது. இசைத்தட்டுக் கம்பெனிக்குத் தகவல் போனது. இதைத் தனியாக வெளியிடுங்கள், இங்கே கறுப்பின நேயர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று. எல்டன் ஜான் சின்ன வயசிலிருந்து கறுப்பின இசையைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேயப் பையன். தன் பாட்டை அவர்கள் கேட்கிறார்கள் என்ற சேதிக்கு முன்னால் அவர் பிடிவாதம் நிற்கவில்லை.

1974 ஏப்ரலில் 'பென்னி' அமெரிக்காவின் நம்பர் ஒன். சோல் இசைப் பட்டியலிலும் அது ஏறியது. அடுத்த வருடம், கறுப்பினக் கலைஞர்களுக்காகவே நடந்த 'சோல் ட்ரெயின்' டெலிவிஷன் நிகழ்ச்சியின் மேடையில் எல்டன் உட்கார்ந்து பியானோ வாசித்தார்.

எயிட் மைல் சாலைக்குத் தெற்கே ஒரு கறுப்பினச் சிறுமி. வடக்கே ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டுக்கு, மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆனால் அவர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாமா?

அந்தக் கேள்வி அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. டெட்ராயிட் பள்ளிகளில் இனப் பிரிவினை இருக்கிறது என்று 1970-ல் போட்ட வழக்கு. நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளைக் கலப்பதில் பயனில்லை, வெள்ளையர்கள்தான் சாலையைத் தாண்டிப் போய்விட்டார்களே என்று பார்த்த கீழ்க்கோர்ட் நீதிபதி, சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து, பஸ்ஸில் பிள்ளைகளை அங்கும் இங்கும் அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். புறநகர்கள் கொதித்தன. 1974 ஜூலை 25. உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஐந்துக்கு நான்கு. பஸ் எல்லை தாண்டக் கூடாது. புறநகர்கள் தப்பு செய்ததாக நிரூபணம் இல்லை, எனவே அவற்றை இழுக்க முடியாது.

ஏப்ரலில் பாட்டு தாண்டிய சாலையை ஜூலையில் பஸ் தாண்ட முடியவில்லை.

அதனால் நான் ரேடியோவை மகாத்மா ஆக்கப் போவதில்லை. ஆல் கிரீன் பாட்டுக்கு ஆடிய அதே ஆள், பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் வந்தால் வீட்டை விற்றுக்கொண்டு போகத்தான் செய்தார். பாட்டு கேட்பது சுலபம். அதற்குக் காசில்லை, வரி இல்லை, வீட்டு விலை இறங்காது. ஆனாலும் ஒன்று மிச்சம். எதிர்த் தரப்பு என்று நினைக்கிறவர்களுக்கு என்ன பிடிக்கிறது, எதற்கு அழுகிறார்கள், எதற்கு ஆடுகிறார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. மார்வின் கேய் 1971-ல் வியட்நாமில் சாகும் பிள்ளைகளைப் பற்றியும் தெருவில் அடிபடும் ஜனங்களைப் பற்றியும் பாடியது, அந்த வெள்ளைக்காரரின் கார் ரேடியோவிலும் வந்தது. மூன்று நிமிஷம் அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். சில பேர் பொறுத்துக்கொண்டு, பிறகு பிடித்துப் போய், இசைத்தட்டையும் வாங்கினார்கள்.

*

அந்த மூன்று நிமிஷத்துக்கு என்ன ஆயிற்று?

எஃப்.எம். வந்தது. கரகரப்பு இல்லை. ஸ்டீரியோ ஓசை. நிறைய அலைவரிசைகள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் எஃப்.எம். நேயர்கள் எண்ணிக்கை ஏ.எம்.மைத் தாண்டிவிட்டது. ஸ்டேஷன்கள் பெருகியபோது கணக்கும் மாறியது. இதற்கு முன்னால் எத்தனை காது என்றுதான் விளம்பரதாரர் கேட்டார். இப்போது யாருடைய காது என்று கேட்டார். என்ன வயசு? ஆணா, பெண்ணா? எந்தப் பக்கத்துக்காரர்? என்ன சம்பாதிக்கிறார்? மாவட்டம் முழுவதையும் வளைக்கிற கடையைவிட, குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் விற்கிற கடைக்கு லாபம் அதிகம். ராக் கேட்கிறவர்களுக்கு ஒரு ஸ்டேஷன். சோல் கேட்கிறவர்களுக்கு ஒன்று. நடுத்தர வயதுக்காரர்களின் மெல்லிசைக்கு ஒன்று. கண்ட்ரி இசைக்கு ஒன்று. பந்தி கலைந்தது. ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ்.

யாரும் சதி செய்யவில்லை. எல்லாம் வியாபாரம்தான். ஒரே பட்டியலைக் கொண்டுவந்ததும் வியாபாரம். அதைக் கிழித்ததும் வியாபாரம்.

1978 கடைசியில் சிகாகோவில் ஒரு ராக் ஸ்டேஷன், லாபம் பார்த்து டிஸ்கோ ஸ்டேஷனாக மாறியது. அங்கே அறிவிப்பாளராக இருந்த ஸ்டீவ் டால் வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது. இன்னொரு ராக் ஸ்டேஷனில் சேர்ந்து, டிஸ்கோவைக் கிழிகிழியென்று கிழித்தார். 1979 ஜூலை 12, கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். வேண்டாத டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தால் டிக்கெட் 98 சென்ட். அன்றைக்கு இரண்டு ஆட்டம். இடைவேளையில், ஒரு பெரிய பெட்டியில் இசைத்தட்டுகளைக் குவித்து மைதானத்தின் நடுவில் வெடி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார்கள். புல்தரை நாசம். போலீஸ் வந்துதான் விரட்டியது. இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. சிகாகோ தோற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆடாமலே ஜெயித்த எதிர் டீம் எது தெரியுமா? டெட்ராயிட்!

அந்த மைதானத்தில் ஆட்களை உட்காரவைக்கும் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் பின்னாளில் ஒரு விஷயம் சொன்னார். ஜனங்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகளில் டிஸ்கோவே அல்லாதவை பல இருந்தன. அவற்றின் ஒரே ஒற்றுமை, பாடியவர்கள் கறுப்பினத்தவர்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரே பட்டியலில் ராக்கும் சோலும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த அதே நாடு. பிடிக்காத பாட்டை மூன்று நிமிஷம் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் போய், அதை வெடி வைத்துக் கொளுத்தும் இடத்துக்கு வந்துவிட்டது.

பிக் 8-ம் தாக்குப்பிடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எஃப்.எம். பக்கம் போனார்கள். தானும் எஃப்.எம்.முக்குப் போகலாம் என்றால், ஹிட் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட கனடாவின் எஃப்.எம். விதிகள் அப்போது இடம் கொடுக்கவில்லை. 1984-ல் பெரிய ஆள்குறைப்பு. ரோஸலியும் அந்த வருடம் வெளியேறினார். 1985-ல் ஸ்டேஷன் பழைய காலத்து பேண்டு இசைக்குப் போனது. பிறகு செய்தி, அரட்டை என்று மாறியது. அதே 800-ல் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

இன்று நம் கையில் இருக்கும் போன், ஸ்டேஷன்கள் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்கிறது. நேற்று எந்தப் பாட்டைப் பாதியில் தள்ளினோம் என்று அதற்குத் தெரியும். நாளைக்கு அந்த மாதிரிப் பாட்டே வராது. டவுன் பஸ்ஸில் நாற்பது பேர் நாற்பது பாட்டு கேட்டுக்கொண்டு போகிறோம். பக்கத்து சீட்காரர் காதில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார். எனக்குப் பிடித்ததுதான் எனக்கு வருகிறது. வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் பிடிக்கும் என்று எனக்கே தெரியாதது எங்கிருந்து வரும்?

ரோஸலி ட்ராம்ப்ளி 2021 நவம்பரில், 82-வது வயதில் காலமானார். 2023-ல் விண்ட்சர் நகரம் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தது. எதிர்க்கரையில் டெட்ராயிட். கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட்டால் கேட்காது. அதற்குத்தான் ஒரு காலத்தில் அந்த அம்மாள் இருந்தார்.